காவற்பணியில் மகளிர்

மும்பை மாநகரில் சயானுக்கும் வடாலாவுக்கும் இடையே அமைந்துள்ளது ஆண்டாப் ஹில். பெயரிலே குன்று இருப்பினும் இன்று கண்ணுக்கு மிகுதியாகத் தெரிவன மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகளும், அவற்றை அடுத்து நெருங்கி நிற்கும் சிறு வீடுகளுமே. அக்குடியிருப்புகளுள் ஒன்றில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருபவன் நான். அரசு ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது என் தொழில்.

விடியற்காலையில் எங்கள் குடியிருப்பை அடுத்த திடலில், பந்தும் மட்டையுமாகச் சிறுவர்கள் வந்து சேருமுன், ஐந்தாறு இளம்பெண்கள் ஓடிப் பழகுவர். மகாராஷ்டிரக் காவல்துறையின் ஆள்தேர்வுக்கு அவர்கள் தம்மை ஆயத்தம் செய்துகொள்கின்றனர். அவர்களுள் ஒருத்தி தமிழ்ப்பெண். அவள் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இட்லி வியாபாரம் செய்பவர். மராத்தி வழியே பயின்ற அப்பெண்ணின் விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தரும்படி ஒரு நாள் அவள் தாயார் என்னிடம் வந்தார். தாள்களை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது, மகள் காதில் விழாத வண்ணம் குரலைத் தாழ்த்தி, “பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“நல்ல அரசாங்க வேலைதானே, அம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்ட கேள்வியின் ஆழத்திற்கு அது விடையாகாது என்பதை அப்போதே உணர்ந்தேன். அவர் கேட்டது சம்பளத்தைப் பற்றி அன்று. இரவுப் பணி, ஆண்கள் நிறைந்த நிலையம், திருமணம், ஊராரின் பேச்சு ஆகிய யாவும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தன. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி எழுவதை நான் அறிவேன். ஆதலின், காவற்பணிக்குள் மகளிர் எவ்வாறு வந்தனர், எந்த வாயில் வழியாக வந்தனர், இன்று எங்கே நிற்கின்றனர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். புறநானூற்றின் 86-ஆம் பாட்டைப் பாடியவர் காவற்பெண்டு என்னும் பெண்பாற் புலவர். காவலும் பெண்டும் இணைந்த அப்பெயர் செவிலித்தாயைக் குறிப்பது என்பர் அறிஞர். அங்கே பெண்ணுக்கு உரியதாகக் கருதப்பட்ட காவல் இல்லத்தில் வளரும் மகவின் காவல். ஊர்க்காவலும் நாட்டுக்காவலும் ஆடவர்க்கே உரியனவாக இருந்தன. அவ்வெல்லையைப் பெண் கடக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவள் கடந்த முறையும் கருதத்தக்கது. ஆடவர் நுழைந்த பொதுவாயில் அவளுக்குத் திறக்கப்படவில்லை. பக்கத்திலே ஒரு தனிவாயில் அமைத்து, அதன் வழியே அவளை உள்ளே அழைத்தார்கள்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1910-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்டெப்பின்ஸ் வெல்ஸ் என்னும் அம்மையார் காவல் அதிகாரியாக நியமனம் பெற்றார். பெண்களையும் சிறார்களையும் நல்வழிப்படுத்துவதே அவருடைய முதன்மைப் பணி. முதல் உலகப் போர்க் காலத்தில், 1915-இல், இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் ஈடித் ஸ்மித் என்பவர் கைது செய்யும் முழு அதிகாரம் பெற்ற பெண் காவலரானார். அந்நகரின் அருகே பெரும் படை முகாம் அமைந்திருந்தது. அதனைச் சூழ்ந்து நடமாடிய பெண்களைக் கண்காணிப்பதற்காகவே அவர் வேண்டப்பட்டார். ஆகவே, பெண்களைக் கையாள்வதற்குப் பெண்கள் தேவை என்பதே உலகெங்கும் காவல்துறை கண்டறிந்த முதற் காரணம். பெண்ணுக்கும் இப்பணியில் உரிமை உண்டு என்னும் எண்ணம் அப்போது பிறக்கவில்லை.

இந்தியாவில் அந்தத் தேவையை உண்டாக்கியவர்களும் பெண்களே. 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது மகளிர் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். நம் பம்பாயில் கள்ளுக்கடைகளின் முன்னும் அந்நியத் துணிக்கடைகளின் முன்னும் அவர்கள் மறியல் செய்தனர். தமிழகத்தில் வேதாரணியம் உப்புப் போரில் ஈடுபட்டு ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் சிறை புகுந்தார். தடியும் தலைப்பாகையுமாக நின்ற ஆடவர் படைக்கு, வீதியில் அமர்ந்த பெண்களை எப்படி அகற்றுவது என்பது விளங்காத சிக்கலாயிற்று.

1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பெண்கள் சிலர் தனிக் காவலர்களாகச் சேர்க்கப்பட்டனர். அப்பதின்மத்தின் இறுதியில் கான்பூரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டு, ஆலை வாயில்களில் பெண் தொழிலாளர் மறியல் செய்தபோது, அவர்களை அப்புறப்படுத்துவதற்கென்று பெண்கள் காவலுக்கு அமர்த்தப்பட்டனர். பின்னர் 1947-இல் நாடு பிளவுண்டது. வீடும் உறவும் இழந்த பெண்கள் தில்லியில் அகதிகளாகக் குவிந்தனர். அவர்களிடம் வாக்குமூலம் பெறவும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கவும் 1948-இல் தில்லிக் காவல்துறை பெண்களைச் சேர்த்தது. ஆண்டாப் ஹில்லுக்கு அண்டையிலுள்ள சயான் கோலிவாடாவில் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் குடியேறிய பகுதி இன்றும் உள்ளது. அவ்வழியே நடக்கும் எவரும், தில்லியின் அந்த ஏற்பாட்டிற்குப் பின்னிருந்த துயரத்தை ஓரளவு உணர இயலும்.

இவ்வாறு மறியல், வேலைநிறுத்தம், அகதிகளின் வருகை என நெருக்கடி நேர்ந்தபோதெல்லாம் பெண் காவலர் தேவைப்பட்டனர். நெருக்கடி நீங்கியதும் அவர்களுடைய எண்ணிக்கையைப் பெருக்குவார் இலர்.

1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு வேறொரு நியாயத்தை முன்வைத்தது. அரசு வேலைவாய்ப்பில் குடிமக்கள் யாவர்க்கும் சமவாய்ப்பு உண்டு; பால் வேறுபாடு காரணமாக எவரையும் விலக்குதல் கூடாது என்று அதன் 16-ஆம் உறுப்பு கூறுகிறது. பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15-ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு இசைவளிக்கிறது. ஒன்று பொதுவாயிலைத் திறக்கிறது. மற்றொன்று தேவைப்படும்போது தனிவாயிலுக்கு இடந்தருகிறது. பின்னர் நிகழ்ந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே நடந்த இழுபறி எனலாம்.

சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அன்னா ராஜம் ஜார்ஜ் 1951-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். வேறு பணிகளே பெண்ணுக்கு ஏற்றவை என்று தேர்வாளர்கள் எடுத்துரைத்தபோதும் அவர் தம் விருப்பத்தில் உறுதியாக நின்று சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். திருமணம் நிகழின் பணி முடிவுறும் என்று அவருடைய நியமன ஆணையிலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்விதி பின்னர் நீங்கியது. ஓசூரில் சார் ஆட்சியராகப் பணி தொடங்கிய அவரே, பிற்காலத்தில் நம் மும்பைக்கு எதிர்க்கரையில் நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் உருவானபோது அதனைத் தலைமையேற்று நடத்தினார். 2018-இல் மும்பை அந்தேரியில் அவர் மறைந்தார்.

ஆட்சிப்பணியில் கதவு திறந்த பின்னரும் இந்தியக் காவற்பணியின் கதவு இருபத்தோர் ஆண்டுகள் மூடியே கிடந்தது. 1972-இல் கிரண் பேடி அதனைத் திறந்து உள்ளே நுழைந்தார். 1975-ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில், ஆடவர் மட்டுமே அடங்கிய தில்லிக் காவல் அணிக்கு அவர் தலைமை தாங்கி நடந்தார். ஆண்களின் அணிக்குப் பெண் ஒருத்தி ஆணையிடும் காட்சியை நாடு கண்ணாரக் கண்டது.

தமிழ்நாட்டில் இவ்வரலாறு தொடங்கிய ஆண்டு 1973. அப்போது கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சர். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர் என 22 பெண்கள் தமிழகக் காவல்துறையில் சேர்ந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையத்தைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். 1976-ஆம் ஆண்டில் திலகவதி, லத்திகா சரண் ஆகிய இருவர் இந்தியக் காவற்பணியில் சேர்ந்து தமிழகத்தில் பணியாற்றலாயினர். திலகவதி தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். காவற்பணியோடு எழுத்துப்பணியையும் இயற்றி, கட்டடத் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் ‘கல்மரம்’ என்னும் புதினத்திற்காக 2005-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். லத்திகா சரண் 2006-இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும், 2010-இல் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். அப்பதவிகளை ஏற்ற முதற் பெண்மணி அவரே.

1992-இல் செல்வி ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தோன்றியது. அதன்பின் அத்தகைய நிலையங்கள் மாநிலமெங்கும் பரவி, இருநூறுக்கும் மேற்பட்டனவாயின. கணவனின் அடியையும் வரதட்சணைக் கொடுமையையும் வாய்திறந்து சொல்லக் கூசிய பெண்கள் அங்கே சென்று சொல்லலாயினர். காக்கி உடையிலிருந்த ஆடவர் முன் நடுங்கிய நா, காக்கி உடையிலிருந்த மற்றொரு பெண்ணின் முன் அவிழ்ந்தது. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தனிவாயிலால் விளைந்த பெரும்பயன் இது.

ஆயின் தனிவாயிலுக்கு ஒரு விலையும் உண்டு. பிரிட்டனில் 1970-கள் வரை பெண் காவலர்கள் தனிப் பிரிவிலேயே இருந்தனர். ஆடவர் ஊதியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கே அவர்கட்குக் கிடைத்தது. பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய வேலை மட்டுமே உனக்கு என்று ஒதுக்கப்பட்டவள் கொலை வழக்கின் புலனாய்வையோ, கலவரத்தை அடக்கும் பொறுப்பையோ கற்றுக்கொள்வது எங்ஙனம்? அவற்றைக் கற்காதவள் உயர்பதவிக்குத் தகுதி பெறுவது எங்ஙனம்? நம் நாட்டிலும் பல மாநிலங்களில் ஆடவர்க்கு ஒரு முதுநிலைப் பட்டியல், மகளிர்க்கு ஒரு முதுநிலைப் பட்டியல் என்றிருந்தது. மகளிர் பட்டியலில் பதவிகள் சில. அவை நிரம்பிவிட்டால் ஓய்வுபெறும் நாள்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1977-இல் அமைக்கப்பெற்ற தேசியப் போலீஸ் ஆணையம் 1980-இல் அளித்த தன் ஐந்தாம் அறிக்கையில் இதனைக் கருத்திற்கொண்டது. பெண் காவலர் காவல் அமைப்பின் பிரிக்கவியலாத உறுப்பாக வேண்டும். புலனாய்வுப் பணியிலும் அவர்கள் உரிய பங்கேற்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கடல் கடந்த இலங்கையில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றும் இப்பரிந்துரையின் தேவையை விளக்கும். 2020-ஆம் ஆண்டில் பிம்ஷானி ஜாசிங் ஆரச்சி என்னும் அம்மையார் அந்நாட்டின் முதல் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராக உயர்த்தப்பட்டார். அதனை எதிர்த்து ஆடவர் அதிகாரிகள் சிலர் உச்ச நீதிமன்றம் சென்றனர். அப்பதவிக்குப் பெண்களை நியமிக்க விதிகளில் இடமில்லை என்பது அவர்களுடைய வாதம். பெண்களின் பெயரைத் தனி ஏட்டில் எழுதிவைத்தால், ஒரு நாள் அந்த ஏட்டையே காட்டி அவர்களுடைய வழியை மறிக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

தனி நிலையங்கள் குறித்து ஆராய்ச்சியாளர் கண்டவற்றையும் நோக்குவோம். ஹரியானா மாநிலம் 2015-இல் மகளிர் காவல் நிலையங்களை மாவட்டந்தோறும் தொடங்கியது. பெண்களின் வழக்குகளைப் பொது நிலையங்கள் தட்டிக்கழித்து அங்கே அனுப்பிவிடும் போக்கு வளர்ந்ததாக ஓர் ஆய்வு கண்டது. அருகிலிருந்த நிலையத்தில் தீர வேண்டிய வழக்கிற்காக அப்பெண்கள் தொலைவு நடக்க நேர்ந்தது. மத்தியப் பிரதேசத்திலோ 180 காவல் நிலையங்களைக் கொண்டு வேறொரு சோதனை நடந்தது. அவற்றுள் ஒரு பகுதியில், பொது நிலையத்தின் உள்ளேயே பெண்களுக்கான உதவி மேசைகள் அமைக்கப்பட்டன. பெண் அதிகாரிகளின் பொறுப்பில் இருந்த மேசைகளில் வழக்குகள் முறையாகப் பதிவாவது கூடிற்று என்று 2022-இல் வெளியான அதன் முடிவு தெரிவித்தது. பெண்ணைத் தனிக் கட்டடத்தில் வைப்பதனினும், பொதுக் கட்டடத்தின் நடுவே பொறுப்போடு அமர்த்துவதே நலம் என்பது இவ்விரண்டையும் ஒப்புநோக்குவார்க்குப் புலப்படும்.

இனி, ஆற்றலைப் பற்றிய ஐயம். ஓடவும் பிடிக்கவும் அடக்கவும் பெண்ணால் இயலுமா என்று கேட்பவர் இன்றும் உளர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1970-களின் தொடக்கத்தில், ரோந்துப் பணியில் புதிதாகச் சேர்ந்த 86 பெண்களையும் 86 ஆண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பெண்களால் அப்பணியைத் திறம்பட ஆற்ற இயலும் என்பதே 1974-இல் வெளிவந்த முடிவு. பெரும்பகுதி காவற்பணி பேச்சாலும் பொறுமையாலும் கூர்ந்த கவனத்தாலும் நடைபெறுவது என்பதைக் காவல் நிலையத்தில் ஒரு நாள் அமர்ந்து பார்த்தவர் அறிவர்.

துணிவுக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மத்திய சேமக் காவல் படை 1986-ஆம் ஆண்டில் மகளிரை மட்டுமே கொண்ட 88-ஆம் படைப்பிரிவை அமைத்தது. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நாடாளுமன்றத்தைப் பயங்கரவாதிகள் தாக்கியபோது, அப்பிரிவைச் சேர்ந்த கமலேஷ் குமாரி வாயிற்காவலில் இருந்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லை. செய்தி அனுப்பும் கருவி மட்டுமே இருந்தது. வந்தவர்களை ஐயுற்றுக் குரலெழுப்பி எச்சரித்த அவர் குண்டுகளுக்கு இரையானார். அவர் மறைந்த பின் அசோக சக்கர விருது வழங்கி நாடு அவரைப் போற்றியது. இடரில் அவருக்குச் சமபங்கு இருந்தது, படைக்கலத்தில் இல்லை. இதை எண்ணும்போது போற்றுதலோடு நாணமும் நமக்கு உண்டாகவேண்டும்.

2007-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணிக்காக ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டிற்கு நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பெண் காவலர்கள் சென்றனர். முழுவதும் மகளிரால் ஆன காவல் அணியை அவ்வவை அமர்த்தியது அதுவே முதன்முறை. உள்நாட்டுப் போரால் நைந்த அந்நாட்டில், ஆண்டுதோறும் அணி மாறி, 2016 வரை இந்திய மகளிர் காவல் புரிந்தனர். அவர்களைக் கண்டு லைபீரியப் பெண்களும் தம் நாட்டுக் காவற்பணியை நாடினர். அதே 2016-இல் தமிழகத்தில் பணியாற்றிய அர்ச்சனா ராமசுந்தரம், எல்லைக் காவல் புரியும் சசஸ்திர சீமா பல் என்னும் படைக்குத் தலைமை ஏற்றார். மத்தியக் காவற்படை ஒன்றிற்குப் பெண் தலைமை தாங்கியது அதுவரை நிகழாதது.

நாம் வாழும் மும்பையிலும் இத்தகைய உயர்வுகள் உண்டு. மீரான் சட்டா போர்வங்கர் 2004-இல் மும்பைக் குற்றப்பிரிவின் தலைமையை ஏற்ற முதற் பெண்ணானார். 2024 சனவரியில் ரஷ்மி சுக்லா மகாராஷ்டிரக் காவல்துறைத் தலைமை இயக்குநர் பொறுப்பை ஏற்ற முதற் பெண்ணானார்.

உச்சியில் சிலர் ஒளிர்வது கண்டு அடிவாரமும் ஒளிபெற்றதாக நாம் மயங்குதல் கூடாது. 2013-ஆம் ஆண்டில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்கள் யாவற்றுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. காவலருள் மகளிர் 33 விழுக்காடாக உயரவேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குறைந்தது 3 பெண் உதவி ஆய்வாளரும் 10 பெண் காவலரும் இருத்தல் வேண்டும் என்பன அதன் சாரம். 2022 சனவரி முதல் நாள் கணக்கின்படி நாடு முழுவதும் காவல்துறையில் மகளிர் 11.75 விழுக்காடே இருந்தனர். எட்டுப் பேரில் ஒருவர் என்னும் அளவும் எய்தவில்லை. இத்துறையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கும் மாநிலங்களுள் ஒன்று. 1973-இல் 22 ஆக இருந்த தொகை பொன்விழா கொண்டாடிய 2023-இல் 35 ஆயிரத்தைக் கடந்திருந்தது.

நாடு முழுவதும் எண்ணிக்கை ஏன் ஏறவில்லை? ஊராரின் பேச்சு ஒரு காரணம். அதனினும் வலியது பணியின் அமைப்பு. பன்னிரண்டு மணி நேரப் பணி, பண்டிகையும் விடுமுறையும் இன்மை, கழிப்பிடம் இல்லாத சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் பந்தோபஸ்து, கைக்குழந்தையை விட்டுவர இடமின்மை ஆகியன அக்காரணத்தின் கூறுகள். இல்லத்துப் பொறுப்பு முழுவதையும் வேறொருவர் தாங்குவார் என்று எண்ணி வகுத்த பணி அது. அவ்வாறு தாங்கும் மனைவி ஆண் காவலர்க்கு இருந்தாள். பெண் காவலர்க்கோ இல்லத்திலும் அவளே காவலர்.

இவ்வகையில் நமக்கு அண்மையிலேயே ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. செம்பூரை அடுத்த தேவ்னார் காவல் நிலையத்தில் 2016 மே மாதத்தில் காவலர்களுக்கு எட்டு மணி நேரப் பணிமுறை சோதனையாகப் புகுத்தப்பட்டது. அது ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவானது. பின்னர் 2022 சனவரியில், பெண் காவலர்க்குப் பன்னிரண்டு மணிக்குப் பதிலாக எட்டு மணி நேரப் பணி வழங்குமாறு மகாராஷ்டிரக் காவல்துறைத் தலைமை ஆணை பிறப்பித்தது.

தமிழகத்திலோ 2021 ஜூனில், முதலமைச்சர் செல்லும் வழிகளில் பெண் காவலர்களைச் சாலையோரக் காவலில் நிறுத்த வேண்டா என்று ஆணை பிறந்தது. 2023 மார்ச்சில் நடந்த பொன்விழாவில், காலை 7 மணிக்கு இருந்த வருகை அணிவகுப்பு மகளிர்க்கு 8 மணியாக மாற்றப்படும் என்னும் அறிவிப்பும் வெளியாயிற்று. பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

இச்சலுகைகளை நான் வரவேற்கிறேன். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. சாலையோரத்தில் கழிப்பிடம் இல்லையென்றால் பெண்ணைச் சாலையிலிருந்து விலக்குவது உடனடித் தீர்வு. நடமாடும் கழிப்பிடத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது நிலைத்த தீர்வு. முதலாவது அவளைத் துன்பத்திலிருந்து காக்கும்; காக்கும்போதே அப்பணியிலிருந்தும் சிறிது அகற்றும். இரண்டாவது அவளைப் பணியிலே நிறுத்தி, அருகில் நிற்கும் ஆண் காவலர்க்கும் உதவும். எட்டு மணி நேரப் பணியும் அத்தகையதே. பெண்ணுக்கு மட்டும் அது அமையின், அவள் பாதி ஆள் என்று முணுமுணுப்பார் தோன்றுவர். எல்லோர்க்கும் அமையின், ஆண் காவலரும் தம் மக்களின் முகத்தை விழித்திருக்கும்போது காண்பர்.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லல் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் தமிழகத்தில் பெண் காவல் கண்காணிப்பாளர் ஒருவர், தமக்குப் பல படி மேலேயிருந்த அதிகாரி தம்மிடம் முறைகேடாக நடந்ததாகப் புகார் கொடுத்தார். புகார் கொடுக்கச் செல்லும் வழியிலேயே அவருடைய வாகனம் மறிக்கப்பட்டது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அம்மேலதிகாரிக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மாவட்டத்தையே காக்கும் பெண் அதிகாரிக்கே இந்நிலை என்றால், கடைநிலைக் காவலரின் நிலை என்னாகும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அதே நிகழ்ச்சிக்கு மற்றொரு முகமும் உண்டு. புகார் பதிவாயிற்று, விசாரணை நடந்தது, தண்டனையும் வந்தது. 1973-இல் வாயிலைக் கடந்த அந்த 22 பெண்களின் காலத்தில் இத்தகைய ஒரு முடிவை எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இனி ஆண்டாப் ஹில் திடலுக்கே மீள்வோம். மகாராஷ்டிர மாநிலம் 1994-இல் வகுத்த மகளிர் கொள்கையின் பயனாக அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்கப்பெற்றது. காவலர் ஆள்தேர்வில் பெண்ணுக்குக் குறிக்கப்பட்ட உயரம் 155 சென்டிமீட்டர். அவள் 800 மீட்டர் ஓட வேண்டும், நூறு மீட்டர் விரைவோட்டம் ஓட வேண்டும், இரும்புக் குண்டு எறிய வேண்டும். எங்கள் திடலில் அப்பெண்கள் விடியலில் எண்ணி எண்ணிச் சுற்றுவது அந்த 800 மீட்டருக்காகவே. பிழைப்புத் தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்தின் மகள், மராத்தியில் தேர்வெழுதி, இம்மாநகரின் காவலர் வரிசையில் நிற்க முயல்கின்றாள். குடிபெயர்ந்து வந்த நம்மவர் இந்நகருக்கு உழைப்பை நல்கினர், கடைகளை நல்கினர், பள்ளிகளையும் கோயில்களையும் எழுப்பினர். காவலரையும் நல்குவது, இம்மண் எமக்கும் உரியது என்று சொல்லாமற் சொல்வதாகும்.

அத்தாயார் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் இயன்ற விடை இதுதான். இந்த வேலை பெண்ணுக்கு ஒத்துவருமா என்பதை, நூறாண்டுகளுக்கு மேலாகப் பெண்கள் செய்து காட்டிவிட்டார்கள். அதில் ஐயப்பட இனி இடமில்லை. பெண்ணுக்கு ஒத்துவரும்படி இந்த வேலையைத் துறையும் அரசும் இல்லமும் சேர்ந்து அமைத்திருக்கின்றனவா என்பதே மீதமுள்ள கேள்வி. பொதுவான முதுநிலைப் பட்டியல், எல்லாவகைப் பணியிலும் பழக்கம், அளவான பணிநேரம், கழிப்பிடம், குழந்தைகள் காப்பகம், அஞ்சாமல் புகார் சொல்லும் வழி ஆகியன துறை செய்ய வேண்டியவை. இரவுப் பணி முடித்து வரும் மகளுக்கோ மருமகளுக்கோ கதவைத் திறந்து, ஏன் நேரமாயிற்று என்று கேளாமல் ஒரு குவளை காப்பி தருவது நாம் செய்ய வேண்டியது.

விண்ணப்பத்தைச் சரிபார்த்தபோது ஒரு சிறு விவரம் என் கண்ணில் பட்டது. பெற்றோர் பெயருக்கான இடத்தில் தாயின் பெயரை அப்பெண் தெளிந்த கையெழுத்தில் எழுதியிருந்தாள். அந்த அம்மையாரிடம் மறுநாள் நானே சென்றேன். “ஒத்துவரும், அம்மா. தேர்வு நாளன்று பிள்ளையோடு நீங்களும் போய்த் திடலோரம் நில்லுங்கள்” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எத்தனை மணிக்கு அங்கே இருக்கணும், அண்ணாச்சி?” என்று கேட்டார்.